கொசுவைப் பற்றிப் படிக்கிற பிள்ளைக்கும் ஒரு காசோலை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு அறக்கட்டளை நடத்திய கல்வி உதவித்தொகை விழாவுக்குப் போயிருந்தேன். பந்தல், சால்வை, மதியச் சாப்பாடு, எதிலும் குறை சொல்ல முடியாது. எம்.பி.பி.எஸ். சேர்ந்த பிள்ளைகளைத் தனியாக மேடையேற்றினார்கள், பொறியியல் பிள்ளைகளைத் தனியாக, சி.ஏ. படிப்பவர்களுக்குக்கூட ஒரு காசோலை இருந்தது. சந்தோஷம், படிக்கிற பிள்ளைக்கு யார் கொடுத்தாலும் நல்லதுதான். ஆனால் விண்ணப்பத்தில் அச்சடித்திருந்த படிப்புகளை மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை பார்த்தேன், பொது சுகாதாரம் என்ற பேச்சே அதில் இல்லை. விழாக் குழுவில் இருந்த ஒருவரிடம் கேட்டேன். "அது குப்பை அள்ளுற வேலைக்குண்டான படிப்புங்களா?" என்றார். நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலையைப் பற்றி ஊரில் சரியாக ஒருவருக்கும் தெரியாது. காய்ச்சல் வந்தவரை டாக்டர் பார்ப்பார், நாங்கள் அவர் வீட்டுத் தண்ணீர் டிரம்மைப் பார்ப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். நம் பக்கம் பல ஊர்களில் வாரத்துக்கு ஒரு நாள், சில இடங்களில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும், அதனால் டிரம், அண்டா, சிமெண்ட் தொட்டி என்று வீட்டில் இருக்கிற எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும். முட்டை போட்டதிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும், அதனால் வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவச் சொல்வோம். "ஏனுங்க சார், போன வாரந்தான வந்தீங்க?" என்று அலுத்துக்கொள்ளாத வீடு கிடையாது.

இது டிரம்மோடு முடிகிற விஷயமும் இல்லை. ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசியில் வேலை செய்பவர்களில் சிலருக்கு, லீவு முடிந்து வேலைக்கு வருகிற முதல் நாளில்தான் நெஞ்சு இறுக்கும், மூச்சு வாங்கும். ஞாயிற்றுக்கிழமை கறி ஜாஸ்தி ஆயிருச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். அது பிசினோசிஸ் என்கிற நுரையீரல் நோயின் அடையாளம். சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தத்திலேயே முப்பது வருஷம் இருந்தவர்களிடம் பேசிப் பாருங்கள், நீங்கள் கத்தித்தான் பேச வேண்டியிருக்கும். நாமக்கல் கோழிப்பண்ணைகள் இன்னொரு கதை. மனிதனுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிகளுக்கும் கொடுத்து, அதற்கு மசியாத கிருமிகள் வந்துவிடக் கூடாதென்று 2019ல் மத்திய அரசு தடை போட்டது. சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, சாயப்பட்டறைகளை மூட 2011ல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது இங்கே இருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். இதையெல்லாம் கணக்கெடுத்து, எந்த மில்லில் எத்தனை பேருக்கு, எந்தத் தெருவில் எதனால் என்று கண்டுபிடித்துச் சொல்கிற படிப்புத்தான் பொது சுகாதாரம்.

அதில் முதுகலைப் பட்டத்துக்கு எம்.பி.எச். என்று பெயர், இரண்டு வருஷம். டாக்டர்தான் படிக்கணும் என்பதில்லை, பல இடங்களில் வேறு பட்டப்படிப்பு முடித்தவர்களையும் எடுக்கிறார்கள். சென்னையில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது, வேலூரில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கோவையில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் திருவனந்தபுரம், அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1997லிருந்து நடத்துகிறார்கள். இடம் கிடைப்பதுகூடப் பெரிய விஷயமில்லை, காசுதான் இடிக்கிறது.

என் தங்கச்சி மகள் கதையைச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் படித்து, விலங்கியலில் பி.எஸ்சி. முடித்தாள். அதுவரைக்கும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது. பையன்களுக்கும் அதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்டில் நம்ம கோயம்புத்தூரில் வைத்துத்தான் தொடங்கினார்கள். நல்ல திட்டங்கள், நான் குறை சொல்ல மாட்டேன், பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் பிள்ளைகள் வீட்டில் கை நீட்டாமல் போய் வந்தார்கள். ஆனால் இரண்டுமே முதல் பட்டத்தோடு நின்றுவிடும். எம்.பி.எச்.சுக்கு ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தபோது அவளுக்கு மேற்கொண்டு ஒன்றும் இல்லை. கல்லூரியில் முதல் தவணையைக் கட்டிவிட்டு வா, உதவித்தொகை வந்தால் பிறகு கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் தங்கச்சி வீட்டுக்காரர் பவர்லூம் ஓட்டுகிறவர், அவரால் முடியவில்லை, நானும் வீடு கட்டிய கடனில் இருந்தேன் (அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது). "பரவால்லைங்க மாமா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள்.

இதே பொது சுகாதாரத்தை எம்.பி.பி.எஸ். முடித்தவர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி.யாகப் படித்தால் மாதாமாதம் உதவி ஊதியம் உண்டு. மருத்துவரல்லாத பிள்ளை எம்.பி.எச். படித்தால் பெரும்பாலும் கையிலிருந்துதான் போட வேண்டும். அமெரிக்காவில் படிக்க ஃபுல்பிரைட், இங்கிலாந்தில் படிக்க செவனிங் மாதிரி வெளிநாட்டு உதவித்தொகைகளில் இந்தப் படிப்புக்கு இடம் உண்டுதான், ஆனால் ஃபுல்பிரைட்டுக்கு மூன்று வருஷம் வேலை செய்த அனுபவம் கேட்கிறார்கள், செவனிங்குக்கு இரண்டு வருஷம் கேட்கிறார்கள். பட்டியலினப் பிள்ளைகளுக்கு, பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அதற்கு மேல் ஐயாயிரம் பத்தாயிரம் கூட வந்துவிட்டால் அதுவும் இல்லை.

சரி, அறக்கட்டளைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய தொகை இல்லை. கல்லூரிக் கட்டணத்தில் முதல் தவணையை மட்டும், சேர்வதற்கு முன்னால் கொடுங்கள், விழா தேதிக்காகக் காத்திருக்காமல். அப்புறம் களப்பணிச் செலவு. இந்தப் படிப்பில் வகுப்பறையை விட ஊர் ஊராக அலைவதுதான் அதிகம், மினி பஸ்ஸுக்கும் டீக்கும் படிவம் ஜெராக்ஸ் எடுப்பதற்கும் ஆகிற காசை எந்த உதவித்தொகைக்காரரும் கணக்கில் எடுப்பதில்லை. அதைக் கொடுத்துவிட்டு, ஆய்வை நம் பக்கத்திலேயே செய் என்று ஒரு நிபந்தனை போடுங்கள், உங்கள் மில்லுக்குள்ளேயே விடுங்கள், தூசியை அளக்கட்டும். இதைச் சொன்னால் சில முதலாளிகளுக்கு முகம் சுருங்கும், தெரியும்.

படித்தால் வேலை உண்டா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாவட்டத்தில் நோய்ப் பரவலைக் கண்காணிக்கிற தொற்றுநோயியலாளர் வேலையெல்லாம் பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது, அது மாற வேண்டும். 1939லேயே பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் இது, இதைக்கூடச் செய்ய முடியாதா என்பதை அரசிடம் தனியாகக் கேட்டுக்கொள்வோம். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது, எத்தனை பேர் கவனித்திருப்பீர்களோ தெரியாது. கொள்ளைநோயில் வீட்டுக்கு வீடு செத்த காலத்தில் கும்பிட ஆரம்பித்த சாமி. சிறுவாணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரப் பாடுபட்ட நகராட்சித் தலைவர் ரத்தினசபாபதி முதலியார் பெயரில்தான் அங்கே ஆர்.எஸ்.புரம் என்கிற பகுதியே இருக்கிறது. அவரும் டாக்டர் இல்லை.

அந்த விழாக் குழுக்காரர் இதைப் படித்தால், அடுத்த வருஷத்து விண்ணப்பம் அச்சுக்குப் போகும் முன் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். என்னென்ன படிப்பு, எங்கெங்கே இருக்கிறது என்று நான் எழுதித் தருகிறேன், வீட்டுக்கே வந்து தருகிறேன். வீடு வீடாக நடந்து பழகிய கால்தானே.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்,
கோபிசெட்டிபாளையம்