சீட்டன் டெலவல் போய்வந்தோம்: உதவியவர்களுக்கு நன்றி

அன்புள்ள பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்தம்பர்லாந்தில் இருக்கும் சீட்டன் டெலவல் மாளிகைக்குப் போய்வந்து இரண்டு வாரம் ஆகிறது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது, அதனால்தான் தாமதம் என்று சொல்லிப் பார்த்தேன். எழுதத் தொண்டை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். சோம்பல்தான், மன்னியுங்கள்.

முதல் நன்றி கார் கொண்டுவந்தவர்களுக்கு. வேன் வராது என்பதை முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் சொன்னார்கள். வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டேன். பத்தரைக்குள் ஏழு கார் சேர்ந்துவிட்டன. இதற்காக டியூட்டி மாற்றிக்கொண்டு வந்த நர்ஸ் அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அடுத்து, மாளிகையைச் சுற்றிக் காட்டிய தன்னார்வலர் தாத்தா. அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு முறையும் நான் முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். கடற்படையிலும் தூதர் பணியிலும் இருந்த அட்மிரல் ஜார்ஜ் டெலவல், நொடித்துப்போன உறவினரிடமிருந்து இந்த எஸ்டேட்டை வாங்கினார். வீடு கட்ட ஜான் வான்ப்ராவை அழைத்தார். வேலை 1718இல் தொடங்கியது. 1723இல் அட்மிரல் வீட்டுக்குப் பக்கத்திலேயே குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். 1726இல் வான்ப்ராவும் போய்விட்டார். கட்டச் சொன்னவரும் பார்க்கவில்லை, கட்டியவரும் பார்க்கவில்லை. இந்த வான்ப்ரா இளவயதில் கிழக்கிந்திய கம்பெனி வேலையாகச் சூரத்தில் இருந்தவர், அப்புறம் லண்டனில் நாடகம் எழுதியவர். பரோக் பாணி என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டபோது வடக்கு வாசலைத்தான் காட்டினேன். தடித்தடித் தூண்களும் அவற்றின் கரிய நிழலுமாக, திரை தூக்கப்போகும் மேடை மாதிரி நிற்கிறது. வீடு கட்டினாலும் நாடகக்காரர் நாடகக்காரர்தானே.

பின்னால் வந்த டெலவல்கள் பெரிய குறும்புக்காரர்கள். விருந்தாளி அசந்து தூங்கும்போது கட்டிலை அப்படியே கீழே இறக்கிக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் விடுவார்களாம். இதை மட்டும் நான் இரண்டு முறை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

இப்போது தட்டச்சு செய்து தந்த அங்கிளுக்கு வருகிறேன். நான்கு பக்க வழிகாட்டித் தாளை ஒரே ராத்திரியில் அடித்து, நாற்பது பிரதி எடுத்தும் தந்தார். அதில் ஒரு பிழை இருந்தது. தவறு அவருடையது அல்ல, என் கையெழுத்துடையது. நடு மாளிகை தீப்பிடித்தது 1822 ஜனவரியில். தாளில் 1882 என்று வந்துவிட்டது. அதைப் பிடித்தவர் யார் தெரியுமா? பேரனோடு வந்த பாட்டி. காரில் போகும்போதே படித்துவிட்டு, “1862இல் கூரை போட்டாங்கன்னு எழுதியிருக்கே, 1882இல் எரிஞ்சுதுன்னும் எழுதியிருக்கே. எரியாத வீட்டுக்கு எதுக்கும்மா புதுக் கூரை?” என்றார். பார்க்கிங்கிலேயே நாற்பது தாளையும் பால்பாயிண்ட் பேனாவால் திருத்தினோம். பாட்டிக்கு நமஸ்காரம்.

நாற்பது ஆண்டு அந்த வீடு மழையிலும் கடற்காற்றிலும் திறந்தே கிடந்தது. பெரிய கூடத்தில் கறுப்பு வெள்ளைத் தரை இன்னும் இருக்கிறது. மேலே மாடங்களில் ஓவியம், இசை, வானியல் என்று கலைகளைக் குறிக்கும் ஆறு சுதைச் சிலைகள். தீயில் மேற்பூச்சு உதிர்ந்து, உள்ளிருக்கும் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் குட்டி மாணவி ஒருத்தி அண்ணாந்து பார்த்து, “டீச்சர், இவங்களுக்கு எலும்பு தெரியுது” என்றாள். தாத்தா என்னவென்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை, தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவரும் அண்ணாந்து பார்த்தார்.

இந்த வீட்டை, பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனமான நேஷனல் டிரஸ்ட் ஏற்றது 2009 டிசம்பரில். அதற்காகச் சுற்றுவட்டார மக்கள் பணம் திரட்டினார்கள். தானும் கொஞ்சம் போட்டதாகச் சொல்லும்போது தாத்தாவின் குரலில் ஒரு மிடுக்கு.

குதிரை லாயத்தை வேகமாகத்தான் பார்த்தோம், பசி. ஆனால் ஒரு குதிரைக்கு ‘பீகாக்’ என்று பெயர் என்றதும் பிள்ளைகள் அதை மயில் ஆக்கி, மயில்மேல் முருகனை ஏற்றிவிட்டார்கள். அந்தப் படங்கள் வகுப்புச் சுவரில் இருக்கின்றன, வந்து பாருங்கள்.

புளியோதரை கட்டித் தந்த மூன்று வீட்டாருக்கும் நன்றி. தாத்தாவுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தோம். காரம் என்றார், ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

நீல ஸ்வெட்டர் ஒன்று, வலது கால் ஷூ ஒன்று, டிபன் மூடி இரண்டு என் காரில் கிடக்கின்றன. உரியவர்கள் சனிக்கிழமை வாங்கிக்கொள்ளவும். அந்த ஒற்றை ஷூவோடு வீடு போய்ச் சேர்ந்தது யார் என்றுதான் தெரியவில்லை.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்