மகராஜை வழியனுப்ப எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு

கொல்கத்தா பக்கத்திலிருக்கும் பேலூர் மடத்திலிருந்து திரும்பி நாலு நாளாகிவிட்டது, நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது, அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி கடைசியில் ராமகிருஷ்ண மடத்துத் துறவி ஸ்மரணானந்தஜி மகராஜை மருத்துவமனையில் சேர்த்ததிலிருந்தே அம்மா தினமும் இரண்டு வேளை கூடுதலாக ஜபம் செய்துகொண்டிருந்தாள். வயது 94, தெரிந்த விஷயம்தான், ஆனாலும் மார்ச் 26 ராத்திரி அவர் மறைந்த செய்தி வந்ததும் அம்மா எழுந்து புடவை மாற்ற ஆரம்பித்துவிட்டாள். "போகணும்" என்றாள், அவ்வளவுதான். மந்திர தீட்சை கொடுத்த குரு. தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்தவர், 1991-க்கு அப்புறம் சில வருடம் மயிலாப்பூர் மடத்தின் தலைவராக இருந்தவர். அம்மாவுக்கு அவர் ராமகிருஷ்ண மடங்களின் அகில உலகத் தலைவர் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம், நம்ம ஊர்ப் பிள்ளை.

நள்ளிரவில் போன் செய்தும் சலித்துக்கொள்ளாமல் தன் கார்டில் விமானச் சீட்டுப் போட்டுக்கொடுத்த மாடிவீட்டு அக்காவுக்கு முதல் நன்றி. பணத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் அந்த டோட்டோக்காரத் தம்பி, அங்கே பேட்டரி ரிக்‌ஷாவை அப்படித்தான் சொல்கிறார்கள். ஹோலி முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, அவர் காது மடலில் ரோஸ் கலர் இன்னும் போகவில்லை. மடத்துக்குப் போகும் சாலையில் கூட்டம் நெருக்க, ஒரு இடத்துக்கு மேல் வண்டி போகாது என்று நிறுத்திவிட்டார்கள். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து வாசல் வரை நடத்திக் கூட்டிப்போனார். காசு கொடுத்தால் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைகூப்பினார்.

வரிசையில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று கணக்கில்லை. முழங்கால் வலியோடு நின்ற அம்மாவுக்கு எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, வரிசை நகர நகரத் தொண்டர் பையன் ஒருவன் அதைத் தூக்கித் தூக்கிப் போட்டான். பூக்களுக்கு நடுவே மகராஜின் முகம் மட்டும் தெரிந்தது. அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன்.

ராத்திரி 9 மணிக்கு இறுதிச் சடங்கு என்று அறிவித்திருந்தார்கள். அதுவரை அம்மாவைக் குடைந்தது ஒரே கேள்வி. நம் பக்கத்தில் சந்நியாசிகளைச் சமாதி வைப்பார்கள், எரிக்க மாட்டார்கள், இங்கே ஏன் இப்படி? பக்கத்தில் நின்ற, தமிழ் தெரிந்த ஒரு சுவாமிஜி அத்தனை அலைச்சலுக்கு நடுவிலும் நின்று பதில் சொன்னார். 1886-ல் பரமஹம்சரையே காசிப்பூரில் கங்கைக் கரையில் தகனம் செய்தார்கள், 1902-ல் சுவாமி விவேகானந்தரை இதே மடத்துக்குள், அவரே காட்டிய இடத்தில். "அதோ தெரியுதே கோயில், அந்த இடம்தாம்மா" என்று கை காட்டினார். அம்மா அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள், அதற்கப்புறம் கேட்கவில்லை. சுவாமிஜி, அந்த இரண்டு நிமிடம் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

சிதை எரியும்போது யாரும் ஓவென்று கதறவில்லை. துறவிகள் நாமம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், கூட்டமும் சேர்ந்து சொன்னது, வங்காளமா தமிழா என்று பிரிக்க முடியாத ஒரே குரல். எங்களுக்கு எட்டத்திலிருந்துதான் தெரிந்தது, ஆனால் ஆற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பும்போதெல்லாம் புகை வாசனை எங்கள் மேல் வந்தது. அந்தப் புடவையை அம்மா இன்னும் துவைக்கப் போடவில்லை. சொல்லிப் பார்த்தேன், சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒருவர். சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை, அம்மா வயதுதான் இருக்கும். பையிலிருந்து பொரி எடுத்து அம்மாவின் முந்தானையில் போட்டார், பனையோலை விசிறியால் தனக்கு ஒரு வீசு, அம்மாவுக்கு இரண்டு வீசு என்று வீசிக்கொண்டே இருந்தார். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த வார்த்தைகள் 'மா', 'டாகுர்' (பரமஹம்சரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்), 'மகராஜ்', அதை வைத்தே ரொம்ப நேரம் பேசினார்கள். கிளம்பும் நெரிசலில் அந்த விசிறி எங்கள் கையோடு வந்துவிட்டது. அந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லுங்கள், விசிறி பூஜை அறையில் பத்திரமாக இருக்கிறது, காளி பூஜைக்கு வரும்போது கொண்டுவருகிறோம்.