பீஜியின் பித்தளைச் செம்பு

அன்புள்ள எல்லோருக்கும்,

இன்று டிசம்பர் 26. காலையில்தான் எங்கள் சாமான் லாரி வந்து சேர்ந்தது. பட்டாளத்தில் இருக்கும் என் கணவருடைய நம்பரும் பெயரும் வெள்ளை பெயிண்டில் எழுதிய எங்கள் 6 கறுப்பு டிரங்குப் பெட்டிகளும் வராந்தாவில் இருக்கின்றன. ஒன்றையும் இன்னும் திறக்கவில்லை. திறந்தால் வேலை என்னை இழுத்துக்கொள்ளும். அதற்குமுன் இதை எழுதிவிட வேண்டும்.

நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். லாரி, டியூட்டிக்காக அவர் திடீரென வெளியே போக நேர்ந்த மூவ்மென்ட், பாப்பாவின் காய்ச்சல், எதையும் மறுபடி சொல்லப்போவதில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு ஊரில் நின்றுவிட்டு, ஹிம்சாகர் ரயிலில் 3 இரவு உட்கார்ந்து பஞ்சாபில் ஜலந்தர் கன்டோன்மென்டில் இறங்கினோம். கையில் இருந்தது இரண்டு பையும் ஒரு கம்பளியும். குவார்ட்டர்ஸில் கேஸ் கிடையாது. எதிர் வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியாத பனிமூட்டம்.

அந்த முதல் இரவு கதவு தட்டும் சத்தம் கேட்டது. எதிர் குவார்ட்டர்ஸ் ஹவில்தாரின் அம்மா. இந்த குவார்ட்டர்ஸ் லைனில் எல்லோருக்கும் அவர் பீஜி, பெரியம்மாக்களை இங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். ஒரு கையில் தடி, இன்னொரு கையில் சால்வையால் பொதிந்த பித்தளைச் செம்பு. அதில் மஞ்சளும் வெல்லமும் போட்டுக் காய்ச்சிய பால். என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. பிள்ளைகள் இருவரும் குடித்து முடிக்கும்வரை நின்றார், செம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு ஒரு இரவுகூடத் தவறவில்லை.

24ஆம் தேதி பிற்பகல், மூத்தவன் அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு நட்சத்திரம் செய்து, உள்ளே பல்பு வைத்துக் கட்டினான். நான் பீஜியை மறுநாள் சாப்பிட வரச்சொல்லப் போனேன். எனக்கு இந்தி ஓரளவு வரும், பீஜியின் பஞ்சாபி பிடிபடாது. அவர் மருமகள்தான் எடுத்துச் சொன்னார். சீக்கியர்களின் பத்தாவது குரு கோவிந்த் சிங்கின் நான்கு பிள்ளைகளும் உயிர் கொடுத்த வாரம் இது. இளையவர்கள் இருவரையும் சிர்ஹிந்தில் உயிரோடு சுவர் வைத்து மூடினார்கள். 300 வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த நாட்களில் பீஜி கட்டிலில் படுப்பதில்லை, இனிப்பைத் தொடுவதில்லை. அந்தப் பிள்ளைகளும் பாட்டி மாதா குஜ்ரியும் குளிரில் சிறையிருந்த கோபுரத்துக்கு, மோதி ராம் மெஹ்ரா என்பவர் காவலுக்குத் தெரியாமல் இரவில் பால் கொண்டுபோய்க் கொடுத்தாராம். அதற்காக அவர் குடும்பத்தையே செக்கில் இட்டார்களாம்.

எனக்குப் பேச்சே வரவில்லை. துக்கம் காக்கிற வீட்டுக்கு எதிரே நட்சத்திரம் கட்டியிருக்கிறோமே என்று உடம்பு கூசியது. கழற்றிவிடுகிறேன் என்றேன். பீஜி என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். குழந்தை பிறக்கிற வீட்டில் விளக்கை அணைக்கக் கூடாதாம்.

அன்று புனித மரியா பேராலயத்தில் இரவுத் திருப்பலி முடிந்து நாங்கள் திரும்பும்போது 11 மணி தாண்டிவிட்டது. வாசற்படியில், நட்சத்திரத்துக்கு நேர்கீழே, சால்வை சுற்றிய செம்பு இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு ஆறவில்லை. எதிர் வீட்டில் பீஜி வெறும் தரையில் படுத்திருப்பார். அந்தக் குளிரில், அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். எங்கள் ஊர்க் குடில்களில் ஞானிகள் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் ஏந்தி நிற்பார்கள். அடுத்த வருஷம் எங்கள் குடிலில் ஒரு பாட்டியும் நிற்பாள், கையில் செம்போடு. களிமண்ணில் நானே செய்வேன்.

சார்பாய் கட்டிலும் கம்பளியும் தூக்கி வந்த யூனிட் தம்பிமார், யூனிட் சமையற்கூடமான லங்கரிலிருந்து வேளை தவறாமல் வந்த சாப்பாடு, நள்ளிரவில் பாப்பாவைப் பார்த்த எம்.ஐ. ரூம் (யூனிட் மருத்துவ அறை) நர்சிங் அசிஸ்டென்ட், ஹீட்டரைச் சரிசெய்த எம்.இ.எஸ். (ராணுவக் கட்டடப் பராமரிப்புத் துறை) எலெக்ட்ரீஷியன், எங்களையும் சேர்த்துக்கொண்டு கேரல் பாடிய மலையாளி, பஞ்சாபிக் குடும்பங்கள், தினமும் போனில் ஜெபித்த அம்மா, மைனிமார் எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக எழுத இன்று என்னால் முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி எந்த ஊருக்கு போஸ்டிங் ஆனாலும், எங்கள் லைனுக்கு ஒரு குடும்பம் புதிதாக வந்து இறங்கினால், முதல் இரவு அந்தப் பிள்ளைகளுக்குப் பால் எங்கள் வீட்டிலிருந்து போகும். பீஜியின் கையைப் பிடித்து இதைச் சொல்லியிருக்கிறேன். தமிழில்தான் சொன்னேன். தலையாட்டினார்.

அந்தச் செம்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. புளி போட்டுத் துலக்கி ஜன்னலில் வைத்திருக்கிறேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நமக்கு இல்லையே. இந்த வாரம் அவர் இனிப்பு தொடமாட்டார், அதனால் நோன்பு நாட்கள் கழியட்டும். சிறுபயறு மூன்றாவது பெட்டியில் இருக்கிறது. வறுத்துத் திரித்து, முந்திரிக்கொத்து செய்து, கழுத்துவரை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.