கறுவல் கோபித்துக்கொண்டிருந்த மூன்று வாரம்

கல்லடி,
மட்டக்களப்பு.
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் யோகனுக்கு,

சித்திரை வருடப்பிறப்புக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். இதற்கு என்னை என்ன சொல்லித் திட்டுவாய் என்பதும், உன் ஊரான திருக்கோவிலில் யார் யாரைப் பக்கத்தில் இருத்திவைத்துத் திட்டுவாய் என்பதும் எனக்குத் தெரியும். திட்டி முடித்துவிட்டு வாசி. இங்கே எல்லோரும் சுகம். இவளுடைய முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பாஸ்கரன் அந்த ஐந்நூறு ரூபாயை இன்னும் தரவில்லை. மகள் வைகாசி முடிவில் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். கச்சான் காற்று இந்த வருடம் முற்றத்து மணலையெல்லாம் குசினிக்குள் கொண்டுவந்து கொட்டியதைத் தவிர வேறு விசேஷம் இல்லை.

விசேஷம் எங்கள் நாய் கறுவல்தான். கறுவல் சாகக் கிடந்தது, மச்சான். இப்போது பிழைத்து, நான் எழுதும் மேசைக்குக் கீழேயே படுத்துக்கொண்டு என் பெருவிரலை நக்குகிறது. ஆகவே பதறாமல் வாசிக்கலாம். ஆனால் அது சாகக் கிடந்ததற்குக் காரணம் நான் என்பதை உன்னிடம் சொல்லாவிட்டால் வேறு யாரிடம் சொல்வது?

மகள் போய்ப் பத்து நாள் வரையில் அது எப்போதும்போலப் படலையடியில் நின்று, போகிற வருகிற சைக்கிளையெல்லாம் குரைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் மகளுடைய பழைய பாயில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தது. கூப்பிட்டால் வால் நுனி மட்டும் ஒருமுறை அசையும். மீன் தலை போட்டுப் பிசைந்த சோற்றை மணந்து பார்த்துவிட்டு, வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பாயில் போய்ச் சுருண்டுகொள்ளும். "பிள்ளையைத் தேடுகிறது" என்றாள் இவள். நானும் அப்படியே நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், ஒழுங்கை முழுவதும் அதைச் சொல்லித் திரிந்தேன். சந்திக் கடைக்காரர் கண்கலங்கினார். மகள் தொலைபேசியில் அழுதாள். அவளுடைய குரலைக் கறுவலின் காதில் பிடித்தோம். காது ஒருமுறை துடித்தது. அதைப் பெரிய சாட்சியமாக எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அழுதோம். இப்படி மூன்று வாரம் ஒரு நாடகம் நடத்தினோம். கறுவல் அதில் நடிக்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் அதன் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. விரதம் பிடிக்கிறது என்றேன். உடம்பு கொதிப்பதைக் கண்டு இவள் பனடோல் கொடுக்கலாம் என்றாள். அரைக் குளிசையை வாழைப்பழத்துக்குள் வைத்து நானே ஊட்டினேன். மறுநாள் விடிய, அதன் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் சீமெந்து நிலத்தில் ஐந்தாறு சிவப்புச் சொட்டுகள் கிடந்தன. துடைத்தேன். திரும்பி வருவதற்குள் அதே இடத்தில் இன்னும் இரண்டு. நிமிர்ந்து பார்த்தபோது, கறுவலின் இடது மூக்குத்துளையில் ஒரு சொட்டு திரண்டு, விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது. அப்போதுதான் ஓட்டோ பிடிக்க ஓடினேன்.

மிருக வைத்தியர் பேராதனையில் படித்துவிட்டு வந்த இளம் பிள்ளை. (இலங்கையில் மிருக வைத்தியம் படிக்க வேறு பல்கலைக்கழகம் இல்லை என்பதை உன் பேரனுக்குச் சொல்லிவை; அவனுக்கு அந்த ஆசை இருப்பதாகக் கேள்வி.) அவர் வேறொன்றும் கேட்பதற்கு முன்னால் கறுவலின் மேலுதட்டைத் தூக்கி, பல்முரசைப் பெருவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டு விரலை எடுத்து எனக்குக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு, இடியப்பத்துக்குக் குழைத்த பச்சையரிசி மாவைப்போல வெளிறிக் கிடந்தது. அழுத்திய இடத்துக்கு இரத்தம் திரும்பி வரவே நேரம் எடுத்தது. "எப்போதிருந்து சேர் இப்படி?" என்றார். "மகள் கொழும்புக்குப் போனதிலிருந்து" என்றேன். அவர் என் முகத்தை ஒருகணம் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல், கறுவலின் காதை மடித்துத் திருப்பினார்.

காதின் உள்மடிப்பில் உண்ணிகள், யோகா. ஒன்றிரண்டு அல்ல. கால்விரல் இடுக்குகளிலும் கழுத்துப் பட்டியின் கீழும் இரத்தம் குடித்து உப்பி, ஆமணக்கு முத்தைப்போல மினுங்கிக்கொண்டிருந்தன. ஆமணக்கின் விஞ்ஞானப் பெயரில் வருகிற ரிசினஸ் என்ற சொல்லுக்கு இலத்தீனில் உண்ணி என்றுதான் பொருள், விதையின் சாயலைப் பார்த்து வைத்த பெயர் என்று வருடந்தோறும் தரம் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கைதட்டு வாங்கியவன் நான். ஒட்டுண்ணி வாழ்க்கை என்ற பாடத்தை முப்பது வருடம் படிப்பித்தவனுடைய நாயின் காதுக்குள் அந்தப் பாடமே குடியிருந்தது. நீயாக இருந்தால் அங்கேயே சிரித்திருப்பாய். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை; அதுதான் இன்னும் சுட்டது.

காய்ச்சல் 104.6 பாகை காட்டியது. நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பானது என்பதால், கையை வைத்துப் பார்த்து நாம் சொல்லும் சூட்டுக்கு அர்த்தமே இல்லை என்றார். இரத்தம் எடுத்துப் பார்த்ததில், கன மில்லிமீற்றருக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய, இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் 38,000 மட்டுமே இருந்தன. மூக்கால் இரத்தம் வடிந்தது அதனால்தான். நோய்க்கு எர்லிச்சியா என்று பெயர். நம்மவர்கள் பொதுவாக உண்ணிக் காய்ச்சல் என்பதற்குள் இதுவும் அடங்கும். உண்ணி கடிக்கும்போது உடலுக்குள் போகும் ஒரு நுண்கிருமி வெண்குழியங்களுக்குள் புகுந்து பெருகுகிறது. 1935இல் அல்ஜீரியாவில் முதலில் கண்டறியப்பட்டதாம். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க இராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கணக்கில் இதனால் செத்தனவாம். பயிற்றப்பட்ட போர்நாய்களையே விழுத்திய நோயைத்தான் நான் பாசம் என்று பெயர் வைத்துப் பாயில் படுக்கவிட்டிருந்தேன்.

பனடோல் கொடுத்ததைச் சொன்னபோது அவருடைய குரல் முதல்முறையாக உயர்ந்தது. அந்த மருந்து நாயின் ஈரலையும் செங்குழியங்களையும் கெடுக்கக்கூடியது, ஏற்கெனவே இரத்தம் வற்றிக் கிடக்கும் பிராணிக்கு அதைக் கொடுக்கலாமா என்று, நான் ஒருகாலத்தில் பிள்ளைகளை ஏசிய அதே தொனியில் ஏசினார். எழுந்து நின்று கேட்டுக்கொண்டேன். அரைக் குளிசையோடு நிறுத்தியது தெய்வாதீனம். உன் வீட்டு அலுமாரியில் இருக்கும் வலிக் குளிசைகள் ஒன்றையும், மனிதனுக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உன் நாய்க்குக் காட்டாதே.

சேலைன் ஏற்றினார்கள். டொக்சிசைக்ளின் என்ற குளிசையை இருபத்தெட்டு நாள் ஒருநாளும் தவறாமல், வெறும் வயிற்றில் கொடாமல், சாப்பாட்டோடு கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாளே கறுவல் எழுந்து நின்று சோறு கேட்டது. சுகமாகிவிட்டதே, இனி எதற்கு என்று இவள் கேட்டாள். அங்கேதான் பலரும் பிழைவிடுகிறார்களாம், காய்ச்சல் விடுவது கிருமி போனதற்கு அடையாளம் இல்லையாம். குளிசையை ஈரல் துண்டுக்குள் ஒளித்துக் கொடுத்தேன். ஈரலைத் தின்றுவிட்டுக் குளிசையை என் பாதத்தின்மேல் துப்பியது. வீட்டில் கடைசியாக என்னை இப்படி ஏமாற்றியவர் யார் என்பது உனக்குத் தெரியும்.

ஆனால் பெரிய வேலை நாயில் இல்லை, மச்சான், வீட்டில் இருந்தது. நாயின் மேல் நாம் காணும் உண்ணி அதன் வாழ்க்கையில் ஒரு சிறு பகுதியைத்தான் அங்கே கழிக்கிறது. குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரேறி, ஏதாவது ஒரு வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகிறது. பொரித்து வரும் ஆறுகால் குஞ்சு நாயைத் தேடி ஏறி, குடித்து விழுந்து, எட்டுக்காலோடு மறுபடி ஏறி, மறுபடி விழுந்து, வளர்ந்து மூன்றாம் முறையும் ஏறுகிறது. சாப்பாடு கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் பொறுத்திருக்கவும் அதற்குத் தெரியும். டோர்ச் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது, மகள் பாய் விரிக்கும் மூலையில், அப்பாவின் படத்துக்குப் பின்னால், காரை உதிர்ந்த கோட்டில் அவை வரிசையாக ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டேன். மனம் ஆறுதல் தேடிப் போன இடம் என்று நான் நினைத்த பாய்தான் உண்ணிகளின் தலைநகரம். பாயை எரித்தேன். வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, வைத்தியர் சொன்ன மருந்தை அடித்து, கறுவலை அன்று முழுக்க அடுத்த வளவில் கட்டிவைத்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் மண்ணெண்ணெய் பூசச் சொன்னார். நாய் அதை நக்கும், தோலும் வெந்துபோகும். மெல்லிய சாவணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும், விரலால் நசுக்கக் கூடாது. இப்போது தினமும் பின்னேரம் எனக்கு அதுதான் உத்தியோகம்.

ஏன் இவ்வளவு தூரம் போனது என்று நீ கேட்பாய். மாதம் ஒருமுறை கொடுக்கும் உண்ணிக் குளிசை விலையேறிவிட்டது என்று மாசி மாதத்தோடு நிறுத்திவிட்டேன். பென்சன்காரனின் கணக்கு. அந்த நான்கு மாதத்தில் மிச்சம் பிடித்ததைவிடப் பலமடங்கு ஒரே வாரத்தில் போனது. இதை இவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் வாயைத் திறக்காதே.

இனி உன் விஷயம். போன மாதம் உன் மருமகன் இங்கே வந்திருந்தான்; உன் நாய்க்குட்டி மணியைப்பற்றி எல்லாம் சொன்னான். செருப்பைக் கடிக்கிறது என்று ஈர்க்குமாற்றால் அடிக்கிறாயாமே. ஆறு மாதக் குட்டிக்கு இருபத்தெட்டுப் பால்பல் விழுந்து நாற்பத்திரண்டு நிரந்தரப் பல் வந்து நிறைகிற பருவம். முரசு ஊறினால் அது எதைக் கடிக்கும், உன்னுடைய பஞ்சாங்கத்தையா? கடிப்பதற்கு ஒரு தேங்காய்ப் பொச்சையோ பழந்துணி முடிச்சையோ கொடுத்துவிட்டுச் செருப்பை மேலே தூக்கி வை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் கோயிலில் வெடி போட்டபோது கட்டிலுக்குக் கீழே நடுங்கிக் கிடந்த குட்டிக்குப் பேய் பார்த்து நூல் கட்டினாயாம். நமக்குக் கேட்காத சத்தமெல்லாம் கேட்கும் காது அதற்கு. நமக்கு வெடியாகக் கேட்பது அதற்கு இடியாக விழும். உள்ளறையில் கதவைச் சாத்தி, வானொலியைச் சத்தமாக வைத்து, அது ஒளிந்த இடத்திலிருந்து இழுக்காமல் விட்டால் போதும். நூலை அவிழ்த்துவிடு, கழுத்து வளரும்போது இறுக்கும்.

இதுவரை பகிடி. இது பகிடி இல்லை. வீட்டுக்குள் வளரும் குட்டிக்கு எதற்கு விசர்நாய்த் தடுப்பூசி என்று நீ இன்னும் போடவில்லை என்றான். யோகா, நான் பட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தப் பயம் பிடித்தது. விசர் என்றால் வாயில் நுரை, கண்ணில் வெறி, எதிர்ப்பட்டவரையெல்லாம் கடிக்கும் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். சில நாய்களுக்கு அது சத்தமில்லாமல் வருமாம். ஒதுங்கிப் படுக்கும், சாப்பிடாது, தாடை தொங்கி எச்சில் வடியும். பார்ப்பவர் தொண்டையில் மீன்முள் சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவார். கறுவலைப் பாசத்தில் படுத்திருக்கிறது என்று நினைத்த நான், அதுவாக இருந்திருந்தாலும் கையை விட்டிருப்பேன். நீயும் விடுவாய். அறிகுறி தெரிந்த பிறகு நாய்க்கும் மனிதனுக்கும் அநேகமாக மீட்சி இல்லை. எங்கிருந்தோ ஒரு தெருநாய் உன் வேலிக்குள் தலையை நீட்ட எவ்வளவு நேரம் வேண்டும்? இந்தக் கிழமையே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ஊசியைப் போட்டு, அட்டையைப் பத்திரப்படுத்து. உன் பேரனை எந்த நாய் கீறினாலும் மஞ்சளும் தேசிக்காயும் பூசிக்கொண்டு நிற்காமல், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

மகள் போன சனிக்கிழமை லீவில் வந்தாள். கறுவல் படலையடியில் ஒருமுறை மணந்து, வாலை ஆட்டிவிட்டு, பாதியில் விட்ட சூரைமீன் தலைக்குத் திரும்பிப் போய்விட்டது. அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை; தொலைபேசியில் அவளை அழவைத்ததற்குக் கணக்குக் கேட்கிறாள். அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பவும் இரத்தம் பார்க்க வேண்டும். முடிவு வந்ததும் எழுதுகிறேன். நீ அதற்கு முன்னால் ஊசி போட்ட திகதியை எழுதி அனுப்பு. அது வராவிட்டால் பாஸ்கரனைத் திருக்கோவில் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவேன், ஒரு மாதம் உன் வீட்டில்தான் நிற்பான்.

அன்புடன்,
மூர்த்தி