தண்டவாளத்தில் கல் அடுக்கும் பயல்கள் கவனத்துக்கு

நேற்று சாயங்காலம் சேரன்மகாதேவிப் பக்கம் நம்ம தெருப் பையன்கள் தண்டவாளத்தின் மேல் ஜல்லிக்கல்லை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதட்டினேன். "சும்மா விளையாட்டுக்குத்தான் மாமா" என்றான் ஒருவன்.

விளையாட்டா? 1989 ரயில்வே சட்டம் 150-வது பிரிவின்படி, ரயிலில் போகிறவர்களுக்கு ஆபத்து உண்டாக்கும் நோக்கத்தோடோ, ஆபத்து வரும் என்று தெரிந்தோ கல்லோ கட்டையோ வைத்தால் ஆயுள் தண்டனை, அல்லது 10 ஆண்டு வரை கடுங்காவல். அந்த நோக்கமும் இல்லை, தெரியவும் தெரியாது என்று தப்பிக்கவும் முடியாது. சட்டவிரோதமான செயலால் பயணிகளுக்கு ஆபத்து உண்டாக்கினாலே 153-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. லைனுக்குள் அத்துமீறி நுழைவதற்கே 6 மாதம் வரை உண்டு. 18 வயது ஆகாதவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டும். ஆனவன் நேராக கோர்ட்டுக்குத்தான்.

பெயர்களை இங்கே போடவில்லை, வீட்டில் சொல்லிவிட்டேன். அப்புறம், தண்டவாளத்தில் ஏதாவது கிடப்பதைப் பார்த்தால் உடனே ரயில்வே உதவி எண் 139-க்குப் போன் போடுங்க.