ரோல்கால் இல்லாத காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் "வேலையை விட்டுவிட்டேன் அப்பா" என்றாய். நான் மூச்சுவிடாமல் உத்தரவு போட்டேன். நாளைக்கே நாலு கம்பெனிக்கு விண்ணப்பம் அனுப்பு, செலவைக் குறை, காலையில் ஐந்து மணிக்கு எழுந்திரு. "சரி அப்பா" என்று வைத்துவிட்டாய். அடுப்படியிலிருந்து உன் அம்மா, "பட்டாளம் இன்னும் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை" என்றாள். மூன்று நாளாக அது உறுத்துகிறது. மறுபடி பேசினால் மறுபடி உத்தரவுதான் வரும், அதனால் எழுதுகிறேன்.

2014-இல் பட்டாளத்திலிருந்து ஹவில்தாராக வெளியே வந்தபோது எனக்கு 42 வயது. நீலகிரியில் வெலிங்டன் பயிற்சி முகாமில் 18 வயதில் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு தொடங்கிய 24 வருடம், ஒரு மாலையோடும் தேநீரோடும் முடிந்தது. பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வேளச்சேரியில் வந்து இறங்கினேன். மறுநாள் காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது. சவரம் செய்தேன். கம்பளியைக் கூர்மையாக மடித்தேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன். மணி ஐந்தே கால். இனி என்ன? விசில் ஊத ஆளில்லை, பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணும் ரோல்கால் இல்லை. பால் பாக்கெட் வரும்வரை ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தவை உனக்கே தெரியும். உன் புத்தகங்களை உயரவாரியாக அடுக்கி வைத்தேன். பிளஸ் ஒன் நோட்டுகள் கலைந்துபோனதில் நீ அழுதாய். குளியலறைக் கதவில் நேர அட்டவணை ஒட்டினேன். மூன்றாம் நாள் அதைக் காணவில்லை. கிழித்தது நீயா அம்மாவா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கிறதா? மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பட்டாளத்தில் நான் இருந்த சியாச்சின் பனிமலையில் பனிப்பிளவு எங்கே வாய் திறந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டுதான் நடப்போம். ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் பனியில் சாய்ந்து தாங்குவார்கள். அதே முறையில் தெருப் பையன்களை ஒரு கயிற்றில் இணைத்து, கீழ்வீட்டுப் பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்தோம். தெருவே என்னைப் புகழ்ந்தது. யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன்: தண்ணீர் வடிந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஊரார் நனைந்த மெத்தையையும் பீரோவையும் தெருவில் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கோ வேலை முடிந்துவிட்டதே என்ற கவலை. அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து நானே பயந்தேன்.

பிறகு ஒரு வங்கிக் கிளையில் காவலுக்குச் சேர்ந்தேன். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, அந்த வாரம் மறுபடியும் எனக்கு நல்ல காலம். வரிசை தெருமுனை திரும்பி நின்றது. ஒரு கோடு பிசகவிடவில்லை நான். ஓர் அம்மா கையில் மஞ்சள் பையோடு வாசலுக்கு நேராக வந்தார்கள். "வரிசையில் போங்கள்" என்று அதட்டினேன். ஒன்றும் சொல்லாமல் போய் நின்றார்கள். மூன்று மணி நேரம் கழித்து வாசலை எட்டியபோதுதான் கவனித்தேன், பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது பென்ஷன் புத்தகம். நோட்டு மாற்ற வரவில்லை; பென்ஷன் நிற்காமலிருக்க, உயிரோடு இருப்பதாக வருடந்தோறும் தரும் ஆயுள் சான்று கொடுக்க வந்திருக்கிறார்கள். கணவர் பட்டாளத்தில் இருந்து இறந்தவர். "எதற்கு வந்தீர்கள் அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே உள்ளே அனுப்பியிருப்பேன்.

கதை அதோடும் முடியவில்லை. சான்றுக்குக் கருவியில் விரல்ரேகை வைக்க வேண்டும்; பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அந்த அம்மாவின் ரேகையே அழிந்திருந்தது. ஒவ்வொரு விரலாக வைக்க வைக்க, கருவி சிவப்பு விளக்கையே காட்டியது. வெந்நீர் வாங்கி வந்து கையை நனைக்கச் சொல்லி, என் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, பெருவிரலில் ஆரம்பித்து மறுபடி வைத்துப் பார்த்தோம். எட்டாவதாக இடது கை மோதிரவிரலைத்தான் அது ஏற்றுக்கொண்டது. வரிசையை விட்டுவிட்டு நான் அங்கேயே நின்றதற்கு மேனேஜரிடம் திட்டும் வாங்கினேன்.

வங்கி வேலையை விட்ட பிறகும் நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்களின் வீடுகளுக்குப் போய்விடுகிறேன். இப்போது போனில் முகத்தைக் காட்டினாலே போதும், சான்று வந்துவிடும். ஆனால் போனை நேராகப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், கண்ணைச் சிமிட்டச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் ஆகும். அதில் வேலை பத்து நிமிடம், மீதி காபியும் கதையும். முன்பெல்லாம் கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது காபி ஆறிப்போவதைக்கூடக் கவனிப்பதில்லை.

வெளியே பழகிய இது, வீட்டில் மட்டும் வரமாட்டேன் என்கிறது. உன் குரல் கேட்டதும் ஹவில்தார் எழுந்து நின்றுவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். ஏன் விட்டாய்? அங்கே யாராவது உன்னை நோகடித்தார்களா? ராத்திரி தூக்கம் வருகிறதா? பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் விட்டுவிடு. இரண்டு மூன்று மாதம் ஒன்றும் செய்யாமல் இருக்கத் தோன்றினால், இரு. வாசற்படியில் ஷூவோடு உட்கார்ந்திருந்தவனுக்கு அது புரியாமல் போகாது.

பெங்களூரிலிருந்து காலையில் லால்பாக் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, மதியத்துக்கு மேல் பிருந்தாவன். வழக்கமாக டிக்கெட் போட்டுவிட்டுத்தான் உனக்குச் சொல்வேன். இந்த முறை இன்னும் போடவில்லை. போடட்டுமா?

உன் அப்பா