நேர்காணலுக்கு எதைப் படித்துவிட்டு வர வேண்டும்?

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் சேர்க்கைக் குழுவினருக்கும்,

வணக்கம். பி.காம். சேர்க்கைக்கு நீங்கள் போன வாரம் நடத்திய நேர்காணல் பற்றித்தான் இந்த மடல். எந்தப் பிள்ளை என்பது உங்களுக்கே தெரியும். கல்லூரியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். நேர்காணலில் எதைப் பற்றிக் கேட்பீர்கள், அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை விண்ணப்பத்தோடு சேர்த்தே அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்.

எங்களுடையது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. உங்கள் அழைப்பு வந்ததும் அந்தப் பெண்ணைவிட எங்களுக்குத்தான் பரபரப்பு. ஒத்திகை பார்க்க ஆசிரியர் அறையில் மேசையை இழுத்துப் போட்டு வேதியியல் ஆசிரியரை முதல்வராக உட்கார வைத்தோம். மனிதர் முறைத்துப் பார்ப்பதில் கெட்டிக்காரர். கதவைத் தட்டிவிட்டு வா, உட்காரச் சொன்ன பிறகு உட்கார், துப்பட்டா நுனியை முறுக்காதே, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ கட்டாயம் வரும் என்று அதற்கும் நாலு வரி எழுதிக் கொடுத்தோம். கணக்குப்பதிவியலில் கூட்டாளி சேர்ப்பு, நற்பெயர் மதிப்பீடு, விகிதப் பகுப்பாய்வு எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

அம்மாவும் பெண்ணும் ராத்திரி பஸ் பிடித்து, விடியும் முன் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கேயே முகம் கழுவி, எட்டரை மணிக்கு உங்கள் வாசலில் நின்றார்கள். கூப்பிட்டபோது மதியம் இரண்டு. சரி, கூட்டம் இருந்திருக்கும்.

உட்காரச் சொன்ன பிறகு உட்கார் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். உள்ளே அவளுக்கு நாற்காலியே போடவில்லை.

நின்றபடி அவள் பதில் சொன்ன கேள்விகள் இவை. அப்பாவுக்கு என்ன வேலை? அம்மா எதுவரை படித்திருக்கிறார்? இவ்வளவு தூரத்திலிருந்து ஏன் இங்கே? ஹாஸ்டல் ஃபீஸ் யார் கட்டுவார்கள்? அப்புறம் வெளியே நின்ற அம்மாவைக் கூப்பிட்டு அதையே திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். “நான் ஒண்ணும் படிக்கலைங்க” என்று அவர் மகள் எதிரிலேயே சொல்ல வேண்டியதாயிற்று. கணக்குப்பதிவியலில் ஒரு கேள்வி இல்லை. நாங்கள் எழுதிக் கொடுத்த நாலு வரிக்கும் வேலை வரவில்லை.

இந்த விவரமெல்லாம் உங்கள் விண்ணப்பத்திலேயே கட்டம் கட்டிக் கேட்டு வாங்கியவைதானே? வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரி சான்றிதழும் தாசில்தார் ஒப்பத்தோடு ஃபைலில் இருக்கின்றன. அந்த முதல் பட்டதாரி சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டேதான் ஒருவர், “வீட்டில் வேறு யாரும் டிகிரி முடிக்கவில்லையா?” என்று கேட்டாராம்.

ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை வழக்கை நீங்கள் அறிந்திருப்பீர்கள். எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 என்று அங்கே வைத்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். பெற்றோர் யார், வீடு எங்கே என்ற கேள்விகள். 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைக் கண்டித்தது. நேர்காணலுக்கு மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது நியாயமில்லை என்றது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்து வைப்பது நல்லது என்றுகூடச் சொன்னது. டேப் ரெக்கார்டர் காலத்திலேயே சொன்னது! அந்தத் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்துமா என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். கேள்விகள் அதே கேள்விகளாக இருக்கின்றனவே என்றுதான் எனக்கு வியப்பு.

பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள். அரசு கலைக் கல்லூரிகளில் தரவரிசைப் பட்டியல் போடுகிறார்கள். அங்கெல்லாம் அப்பாவின் வேலையைக் கேட்டா பிள்ளையின் தகுதியை அளக்கிறார்கள்? உங்கள் பேராசிரியர்களில் பலருக்கு அரசுப் பணத்திலிருந்துதான் சம்பளம் வருகிறது. ஆனால் நேர்காணல் முடிந்து வெளியே வந்தவளிடம் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள்: அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கஷ்டம், ஈவினிங் ஷிஃப்டில் சுயநிதிப் பிரிவு இருக்கிறது, ஃபீஸ் விவரம் வேண்டுமா என்று. ஹாஸ்டல் ஃபீஸ் யார் கட்டுவார்கள் என்று உள்ளே கேட்டீர்கள். வெளியே அதைவிடப் பெரிய ஃபீஸுக்கு வழி காட்டுகிறீர்கள். அடுத்த ஆண்டு வணிகவியலை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குக் குடும்ப வரலாற்றைப் பாடமாக நடத்தட்டுமா? பெற்றோருக்கும் தனி வகுப்பு வைக்க வேண்டியிருக்கும்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேர்காணலே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாடத்தில் கேளுங்கள், ஏன் இந்தப் படிப்பு என்று கேளுங்கள், தமிழ்வழியில் படித்த பிள்ளையைத் தமிழில் பதில் சொல்ல விடுங்கள். பெற்றோரை வெளியிலேயே நிம்மதியாக உட்கார விடுங்கள். எதைக் கேட்பீர்கள், எத்தனை மதிப்பெண் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அதற்குத் தக்கபடி பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்புவது எங்கள் வேலை.

இரண்டாம் பட்டியல் இன்னும் வெளியாகவில்லை என்று அறிகிறேன். அதற்குமுன் அவளுடைய விண்ணப்பத்தை மதிப்பெண் அடிப்படையில் ஒருமுறை பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம் இல்லையென்றால், எந்த மதிப்பெண்ணில் பின்தங்கினாள் என்பதைப் பள்ளி முகவரிக்கு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வணிகவியல் ஆசிரியர்